ஓங்கிய வாளும் ஓயாத பேச்சும்

கதை கேட்கும் பழக்கம் உடையோர் அனைவரும் ஒருமுறையேனும் எழுப்பியிருக்கக்கூடிய வினா ஒன்று உண்டு. கதைத்தலைவன் கட்டுண்டு கிடக்கிறான். பகைவன் கையில் உருவிய வாள் இருக்கிறது. தடுப்பார் எவரும் இலர். ஒரே வீச்சில் முடிந்துவிடக்கூடிய செயல்தான். ஆயினும் பகைவன் வாளை வீசுவதில்லை. உரக்கச் சிரிக்கிறான், தன் திட்டம் முழுவதையும் விரித்துரைக்கிறான், பொழுது விடியட்டும் என்று கூறிச் சிறைக்கதவை அடைத்துவிட்டுப் போகிறான். விடிவதற்குள் தலைவன் தப்பிவிடுகிறான். இத்தகைய காட்சியைக் கண்டு கொட்டகையில் சிறுவரும் நகைப்பர். கொல்ல வந்தவன் ஏன் கொல்லவில்லை?

“கொன்றுவிட்டால் கதை முடிந்துபோகுமே” என்பதே இதற்கு வழக்கமாகத் தரப்படும் விடை. வகுப்பறையில் இவ்விடையைக் கூறி மாணவரை அமர்த்திவிடுதல் எளிது. ஆனால் அது கதையாசிரியனின் காரணமேயன்றிக் கதைமாந்தனின் காரணம் ஆகாது. கதை தொடர வேண்டும் என்னும் கவலை பகைவனுக்கு எவ்வாறு இருக்கும்? அவன் தயங்குவானாயின் அத்தயக்கத்திற்கு அவனுக்கே உரிய காரணம் ஒன்று வேண்டும். அக்காரணம் அமைந்த இடத்தில் நாம் நகைப்பதில்லை, அஞ்சுகிறோம். ஆதலின் ஒரு படைப்பை மதிப்பிடும்போது, ‘தலைவன் இப்போதே இறந்துவிட்டால் பகைவன் எதை இழப்பான்?’ என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். இவ்வொரு வினாவைக் கையில் கொண்டு, நமக்கு அண்மையில் உள்ள சில படைப்புகளை நோக்குவோம்.

மலையுச்சியில் நிகழ்ந்த உரையாடல்

கோவையில் பட்சிராஜா, சென்ட்ரல் ஆகிய படப்பிடிப்பு நிலையங்களும் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் இயங்கிய காலத்தில், தமிழ்த் திரையின் புகழ்பெற்ற வில்லன்கள் பலர் கொங்கு மண்ணிலேயே உருவாயினர். மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’ அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுதிய அப்படத்தில் எஸ். ஏ. நடராஜன் ஏற்ற பார்த்திபன் என்னும் பாத்திரம், தன் மனைவி அமுதவல்லியை இனிய பாட்டுப் பாடி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறது. உச்சியை அடைந்ததும் அவன் தன் உள்ளக்கருத்தை வெளியிடுகிறான். கணவனை மும்முறை வலம்வந்து இறக்க விரும்புவதாக அவள் வேண்டுகிறாள். அவன் இசைகிறான். வலம்வந்தவள் பின்னிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள்.

இக்காட்சியின் வேர் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியில் உள்ளது. நாதகுத்தனார் இயற்றிய அப்பௌத்த காப்பியத்தின் பாடல்களுள் நமக்குக் கிடைத்தவை மிகச் சிலவே. எனினும் அதன் கதையை நீலகேசியின் உரையாகிய சமய திவாகரத்தில் வாமன முனிவர் எடுத்துரைத்துள்ளமையால் அறிய முடிகிறது. வணிகன் மகளாகிய பத்திரை, கொலைக்களத்திற்கு இட்டுச்செல்லப்படும் காளன் என்னும் கள்வனைக் கண்டு காதல் கொள்கிறாள். தந்தை அரசனிடம் வேண்டி அவனை மீட்டு மணம் செய்விக்கிறான். பின்னொரு நாள் ஊடலின்போது, நீ கள்வன் அல்லையோ என்று அவள் விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். அச்சொல் அவன் நெஞ்சில் தைத்துவிடுகிறது. அவளை மலைக்கு அழைத்துச் சென்று, அச்சொல்லை நினைவூட்டி, அதற்காகவே கொல்லப் போவதாகக் கூறுகிறான். தன்னைக் கொல்ல வந்தவனைத் தான் முந்திக் கொல்லுதல் வேண்டும் என எண்ணிய பத்திரை, வலம்வர விடை கேட்டு அவனைத் தள்ளுகிறாள்.

இங்கே நம் வினாவைக் கேட்டுப் பார்க்கலாம். உச்சியை அடைந்தவுடன் ஒன்றும் சொல்லாமல் தள்ளியிருந்தால் காளன் எதை இழந்திருப்பான்? பழி தீர்த்த நிறைவை இழந்திருப்பான். அவனுக்கு வேண்டியது பத்திரையின் உயிர் மட்டுமன்று. ‘நான் சொன்ன சொல்லுக்காக இறக்கிறேன்’ என்று அவள் அறிந்து இறத்தல் வேண்டும். அறியாது இறப்பவளுக்கு அது தவறி வீழ்ந்த விபத்தாகவே முடியும்; தண்டனையாகாது. பழிவாங்குதல் என்பது இருவர் தேவைப்படும் செயல். ஒருவன் சொல்ல வேண்டும், மற்றவன் கேட்க வேண்டும். பிணத்திற்குக் காதில்லை. ஆகவே கொல்லும் முன் பேசியாக வேண்டிய கட்டாயம் காளனுக்கு உண்டாகிறது. அந்தப் பேச்சின் நேரமே பத்திரைக்கு உயிர்ப்பிச்சை ஆகிறது.

பாலி மொழியில் தம்மபத உரையிலும் இக்கதை உண்டு. அங்கே கள்வனின் நோக்கம் மனைவியின் அணிகலன்களைக் கவர்வது. அவளே அவற்றைக் கழற்றித் தர வேண்டியிருத்தலின் அவனும் பேச நேர்கிறது. பேராசையைக் காட்டிலும் புண்பட்ட மானத்தைக் காரணமாகக் காட்டும் தமிழ் வடிவமே ஆழமானது என்பது என் கருத்து. நகைக்காகக் கொல்பவனைப் புரிந்துகொள்ள முயற்சி எதுவும் தேவையில்லை. தன்னைக் கழுமரத்திலிருந்து மீட்டவள் வாயாலேயே ‘கள்வன்’ என்னும் சொல்லைக் கேட்டவனின் நெஞ்சம் அவ்வாறன்று.

மூன்று சுற்று வலம்வர அவன் ஏன் இசைந்தான் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும். தன்னைத் தெய்வமாக வணங்க வேண்டுகிறாள் அவள். கள்வன் என்று இகழ்ந்த வாய் இப்போது வணங்குகிறது. அவன் நெடுநாள் ஏங்கியது அந்த வணக்கத்திற்கன்றோ? பத்திரை அவன் பசியை அறிந்து அதற்கே இரையிட்டாள்.

சிரிப்பும் உப்பும்

காங்கயத்தில் பிறந்த பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பை அறியாத தமிழர் சென்ற தலைமுறையில் இலர். ‘மகாதேவி’ (1957), ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958), ‘நாடோடி மன்னன்’ (1958) முதலிய படங்களில் அச்சிரிப்பு ஒரு தனிப் பாத்திரமாகவே நின்றது. வில்லனின் சிரிப்பு காலத்தை வீணாக்கும் பழக்கம் என்று எள்ளுவோர் உளர். வாள் வீசும் முன் சிரிப்பவன் தன் வெற்றியை முதலில் பகைவனின் கண்ணில் பார்த்துவிட விரும்புகிறான். மேடையில் ஆடுபவன் அவையை நோக்குவதுபோல் அவன் தலைவனை நோக்குகிறான். இரக்கத்திற்குரிய நிலைதான் இது. அவன் வெற்றியை மெய்யென்று உறுதிசெய்ய உலகில் உள்ள ஒரே சான்று அவனுடைய பகைவனே.

அதே வீரப்பா, மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் கள்வர் தலைவன் அபு உசேனாக நடித்தார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்னும் சிறப்பும் அதற்கு உண்டு. அதன் மூலக்கதை நம் ஆய்வுக்கு வேறொரு வாயிலைத் திறக்கிறது. ஆயிரத்தொரு இரவுகள் தொகுப்பைப் பிரெஞ்சு மொழியில் ஆக்கிய அந்துவான் கல்லான், அலெப்போ நகரத்துக் கதைசொல்லி ஹன்னா தியாப் என்பாரிடம் 1709இல் இக்கதையைக் கேட்டறிந்து தம் நூலில் சேர்த்தார். அதில் கள்வர் தலைவன் இரண்டாம் முறை வணிகன் வேடம் பூண்டு அலிபாபாவின் இல்லத்திற்கு விருந்தினனாக வருகிறான். உணவு படைக்கும் நேரத்தில், தான் உப்பிட்ட உணவு உண்பதில்லை என்று மறுக்கிறான். பணிப்பெண் மார்ஜியானாவுக்கு ஐயம் பிறக்கிறது. உப்பைத் தவிர்க்கும் விருந்தினன் யார் என்று உற்றுநோக்கி அவனை அடையாளம் காண்கிறாள். குறுவாள் ஏந்தி நடனமாடுவாள்போல் நெருங்கி அவனைக் கொன்றுவிடுகிறாள்.

ஒருவன் வீட்டு உப்பை உண்டபின் அவனுக்குத் தீங்கிழைத்தல் கூடாது என்பது அம்மக்களின் மரபு. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்னும் நம் பழமொழியும் அதுவே. கொலை செய்ய வந்தவன் அம்மரபை மீறத் துணியவில்லை. அதற்குள் அகப்படாமல் விலகிக்கொள்ளவே முயல்கிறான். கொலைக்கு அஞ்சாதவன் உப்புக்கு அஞ்சுகிறான்! தீயவனுக்கும் ஓர் எல்லை உண்டு என்று காட்டும் இவ்விடமே, ஒரு சாதாரணக் கள்வர் கதையை மறக்கவொண்ணாத கதையாக்குகிறது. அவனைக் காட்டிக்கொடுத்தது அறிவின்மை அன்று. அவனிடம் எஞ்சியிருந்த சிறிதளவு நேர்மையே.

அத்தொகுப்பின் சட்டகக் கதையும் இங்கு நினைவுக்கு வரும். ஒவ்வொரு நாளும் ஒரு பெண்ணை மணந்து மறுநாள் கொன்றுவிடும் மன்னன் ஷஹ்ரியார், ஷஹ்ரஸாதை மட்டும் கொல்லாது விடுகிறான். அவள் இறந்தால் அவன் இழப்பது கதையின் மிச்சத்தை. காளனின் கதையில் கொல்பவன் பேசினான். இங்கே கொல்பவன் கேட்கிறான்.

வரலாறு காட்டும் இரு நிகழ்ச்சிகள்

இதுவரை கூறியவை கற்பனைக் கதைகள். வரலாற்றிலும் இத்தகைய தருணங்கள் உண்டா எனின், உண்டு. அவற்றைக் கற்பனையோடு ஒரு தட்டில் வைத்தல் கூடாது என்பதை முதற்கண் சொல்லிவிடுதல் கடமை.

நஜ்து பகுதிக்குச் சென்று திரும்பிய ஒரு பயணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மரநிழலில் துயின்றபோது, மரத்தில் தொங்கிய அவர்களது வாளை நாட்டுப்புற அரபி ஒருவர் உருவிக்கொண்டு நின்ற செய்தியை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உறங்குபவரை வெட்டிவிடும் வாய்ப்பு அம்மனிதருக்கு இருந்தது. அவரோ, என்னிடமிருந்து உம்மைக் காப்பவர் யார் என்று வினவினார். அல்லாஹ் என்பதே விடையாக வந்தது. வாள் அவர் கையினின்றும் நழுவியது என்று ஓர் அறிவிப்புக் கூறும். அண்ணலார் அவரைத் தண்டிக்கவில்லை. இறைநம்பிக்கையாளர்க்கு இதில் ஆராய ஒன்றுமில்லை. இறைவனின் காவலே முழுக் காரணம். மனித இயல்பை ஆராயும் மாணவன் அவ்வரபியின் பக்கத்தை மட்டும் நோக்கலாம். அவர் அச்சத்தைக் காண விரும்பினார். அச்சம் கிடைத்திருந்தால் வாள் வீசப்பட்டிருக்கும். கிடைத்ததோ அவர் எதிர்பாராத அமைதி.

கி.பி. 622இல் மக்காவில் நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. குறைஷியர் தாருந் நத்வாவில் கூடி, குலத்திற்கு ஓர் இளைஞராகத் தேர்ந்து அனைவரும் ஒருசேர வாள் வீசுவதென்று முடிவு செய்தனர். கொலைப்பழி எல்லாக் குலத்தார்க்கும் பங்காகும்போது ஹாஷிம் குலத்தார் எவரிடமும் பழிவாங்க இயலாது என்பது அவர்கள் கணக்கு. அன்றிரவு வீட்டைச் சூழ்ந்து நின்றனர்; உட்புகவில்லை; விடியலுக்காகக் காத்திருந்தனர். படுக்கையில் இருந்தவர் அலீ (ரலி) அவர்கள் என்பது பின்னரே தெரிந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஹிஜ்றத்துக் காண்டத்தில் இப்பயண நிகழ்ச்சிகளை விரித்துப் பாடும். பழிக்கு அஞ்சி வகுத்த திட்டம் அது. பழிக்கு அஞ்சுகிறவன் விரைந்து செயற்பட இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பேசாத பகைவன்

போர் மரபு தடுக்கும் இடங்களை விரிக்க வேண்டுவதில்லை. கட்டுண்டு நின்ற அனுமனைக் கொல்லுமாறு இராவணன் ஏவியபோது, தூதரைக் கொல்லுதல் தகாது என்று வீடணன் இடைமறித்ததைக் கம்பர் பிணிவீட்டு படலத்தில் பாடுகிறார். தோற்றுப் புறங்காட்டுவோர்மேல் படை செலுத்தாமையைத் ‘தழிஞ்சி’ என்று துறை வகுத்துப் போற்றுகிறது புறப்பொருள் வெண்பாமாலை. படைக்கலம் இழந்து நின்ற இராவணனை இராமன் இன்று போய் நாளை வருமாறு விடுத்தது அத்தகைய மரபின் உச்சம். அங்குக் கொல்லாது விட்டவன் தலைவன் என்பது வேறுபாடு. அன்றிரவு இராவணனை வாட்டியது தேவர் நகைப்பார் என்னும் எண்ணமன்று, சீதை நகைப்பாள் என்னும் எண்ணமே என்கிறார் கம்பர். அவனுக்கும் ஒரே ஒருவரின் கண்ணே சான்று.

இவை அனைத்திற்கும் எதிர்முனையில் நிற்பவன் சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன். என்னைக் கேட்டால், தமிழ் இலக்கியத்தின் மிகக் கொடிய பகைவன் இராவணன் அல்லன், இவனே என்பேன். அரசியின் சிலம்பைத் திருடியவன் இவன். கோவலன் தன்னிடம் விற்க வந்த சிலம்பைக் கண்டதும், தன் குற்றத்தை அவன் தலைமேல் ஏற்றிவிட முடிவு செய்கிறான். கோவலன் மேல் அவனுக்குப் பகை கிடையாது, பழி கிடையாது, பொறாமையும் கிடையாது. நம் வினாவை இவனிடம் கேட்டால் வரும் விடை நடுங்க வைக்கிறது. கோவலன் இப்போதே இறந்தால் இவன் எதையும் இழக்க மாட்டான். கோவலன் வாய் திறந்தால்தான் எல்லாவற்றையும் இழப்பான். ஆகவே கோவலனிடம் அவன் தன் நோக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

அவன் பேசாதவன் அல்லன் என்பதே இளங்கோவடிகளின் நுட்பம். கொலைக்களக் காதையில் மிக நீளமாகப் பேசுபவன் அவனே. ஆனால் அவன் பேசுவது கொல்லப்படுவோனிடம் அன்று, கொல்ல வேண்டியவரிடம். சிலம்பைக் காண வந்தவர்போல் வந்த காவலர் கோவலனைப் பார்த்து, இவன் முகத்தில் கள்வனுக்குரிய குறி இல்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் ஏளனமாக நகைக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையாவன எட்டினையும் அடுக்கி ஒரு களவு நூலே ஓதிவிடுகிறான். பிறகு காவலருள் ஒருவன் மழையிருளில் ஒரு கள்வனிடம் தன் வாளைப் பறிகொடுத்த கதையைச் சொல்கிறான். ஐயமும் அச்சமும் மாறிமாறி எழுகின்றன. கதைத்தலைவன் தப்பிப் பிழைக்கும் நேரம் இதுவே என்று, வேறு கதைகளில் பழகிய நம் நெஞ்சம் எதிர்பார்க்கும். அப்போது கல்வியறிவற்ற களிமகன் ஒருவன், எவர் பேச்சையும் எதிர்நோக்காமல் வாளை வீசிவிடுகிறான்.

கோவலன் ஏன் இறக்கிறான் என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. பத்திரைக்குக் கிடைத்த அந்தச் சில நொடிகள் அவனுக்குக் கிடைக்கவில்லை. பேசும் கொடியோனிடமிருந்து தப்ப வழி உண்டு. அவனுக்கு நம்மிடம் ஏதோ தேவைப்படுகிறது. நம்மிடம் எதுவும் தேவைப்படாதவன் கையில் அதிகாரத்தின் வாள் சேருமாயின் வலம்வர இடமேது? ஊடல் தீர்க்க விரைந்த பாண்டியன் ஆராயாது உரைத்த ஆணையும், குடித்த காவலன் கையும் சேர்ந்தே அக்கொலையைச் செய்தன. விடுபட்ட அந்த விசாரணையை வழக்குரை காதையில் கண்ணகி நடத்த வேண்டியதாயிற்று.

கொங்கின் காவியம்

கொங்கு நாட்டின் பெருங்கதையாகிய அண்ணன்மார் சுவாமி கதைக்கு வருவோம். உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்பெறும் இக்கதையைக் கவிஞர் சக்திக்கனல் ஏட்டுவழிப் பதிப்பித்தார். கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கயம் பகுதியில் தங்கி, பாடகர் வாய்மொழியாக ஒலிப்பதிவு செய்தார்.

பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் பிறக்கும் முன்பே பகை தொடங்கிவிடுகிறது. ஆண்மகவு பிறந்தால் கொன்றுவிடுமாறு பங்காளிகள் மருத்துவச்சியை ஏவுகின்றனர். அவள் அறியாமலேயே ஆண்மக்கள் மறைத்து வளர்க்கப்பெறுகின்றனர். ஃபிர்அவ்னின் ஆணைக்குத் தப்பி அவன் அரண்மனையிலேயே வளர்ந்த மூஸா (அலை) அவர்களின் வரலாறும், கம்சனுக்குத் தப்பிய கண்ணன் கதையும் நினைவுக்கு வரும். கொலையைப் பிறரிடம் ஒப்படைக்கும் கொடியோன் அதன் முடிவைப் பிறர் வாய்ச்சொல்லாகவே அறிய முடியும். அவன் தோல்விக்கு அதுவே போதும்.

வளர்ந்தபின் வேட்டுவர் தலைவன் தலையூர்க் காளியோடு போர் மூள்கிறது. காளியை வில்லன் என்று எளிதில் எழுதிவிடுகிறோம். அவன் தன் மண்ணுக்காகவும் தன் மக்களுக்காகவும் நின்றவன் என்று கருதுவோரும் கொங்கில் உளர். அவர் தரப்பில் கதையைச் சொன்னால் வேறு முகம் தெரியும். கொம்பன் என்னும் காட்டுப்பன்றி வீழ்கிறது. வேட்டுவர் படை வீழ்கிறது. ஆனால் உடன்பிறந்தாரைக் கொல்லும் பேறு எந்தப் பகைவனுக்கும் வாய்ப்பதில்லை. பதினாறு ஆண்டே வாழ்வு என்று பிறப்பின்போதே வரையறுக்கப்பட்டவர்கள் அவர்கள். நாள் நிறைந்தது என்று உணர்ந்ததும் தம் வாளின்மேல் தாமே வீழ்ந்து மாய்கின்றனர்.

இது ஏனைய கதைகளினின்றும் வேறான அமைப்பு. இங்கே பகைவன் தயங்கவில்லை, பேசிக் காலம் கழிக்கவுமில்லை. தன்னால் இயன்ற அனைத்தையும் செய்கிறான். ஆனால் தலைவரின் சாவு அவன் கையில் வைக்கப்படவே இல்லை. கேட்போர் அனைவரும் முடிவை முன்னரே அறிவர். பன்றியோடு சங்கர் பொருதும் இரவில் அவன் இறந்துவிடுவானோ என்று எவரும் அஞ்சுவதில்லை. அவர்கள் அஞ்சுவது பாடகர் வன்னிமரத்தடிக்கு வந்து சேரும் இரவை.

மணப்பாறையை அடுத்த வீரப்பூரிலும் கொங்கின் பல கோயில்களிலும் நிகழும் படுகளத்தில், வீரர் மாய்ந்த கட்டத்தைப் பாடும்போது அடியார் பலர் உணர்விழந்து மண்ணில் சாய்வர். வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்துவர். பின்னர்த் தங்கை அருக்காணி தெளித்ததாகக் கருதப்படும் நீரைத் தெளித்ததும் ஒவ்வொருவராக எழுவர்.